பல நாட்டு இறக்கைகள்: இரண்டாம் உலகப் போரில் ரோமானியப் போர் விமானிகள்

1941 ஜூன் மாதம் ஹிட்லரின் படைகளோடு சேர்ந்து சோவியத் யூனியனைத் தாக்கிய ரோமானிய விமானப் படையின் கையிருப்பைப் பார்த்தால் தலை சுற்றும். போலந்தின் பி.இசட்.எல். விமானங்கள், பிரிட்டனின் ஹரிக்கேன்களும் பிளென்ஹைம்களும், பிரான்சின் பொத்தேஸ்கள், இத்தாலியின் சவோயா-மார்கெட்டிகள், ஜெர்மனியின் ஹைன்கெல்களும் மெஸ்ஸர்ஷ்மிட்களும். இத்தனைக்கும் நடுவில், பிராஷோவ் நகரத் தொழிற்சாலையில் உள்நாட்டிலேயே கட்டிய ஐ.ஏ.ஆர். 80. ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் வேறு, தோட்டா வேறு, கையேட்டின் மொழி வேறு. இவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருந்த மெக்கானிக்குகளைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை.

இந்தக் கலவையை நிர்வாகக் குளறுபடி என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தந்த ஆண்டில் ரோமானியா யாரை நம்பியிருந்தது என்பதன் பதிவேடு அது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சும் போலந்தும் நட்பு நாடுகள். அதனால் பிரெஞ்சு எஞ்சின்கள், போலந்து வடிவமைப்புகள். 1939 ஏப்ரலில் பிரிட்டனும் பிரான்சும் ரோமானியாவின் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் அளித்தன. அந்த உறவில் ஹரிக்கேன்கள் கேட்கப்பட்டன, பன்னிரண்டு மட்டுமே வந்து சேர்ந்தன. அதே செப்டம்பரில் போலந்து வீழ்ந்தபோது தப்பிய போலந்து விமானிகள் எல்லை தாண்டி ரோமானியாவில் இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த விமானங்கள் ரோமானியப் படைக் கணக்கில் ஏறின.

1940 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஜூனில் பிரான்ஸ் சரணடைந்தது. அதே மாத இறுதியில் ஸ்டாலின் இறுதி எச்சரிக்கை அனுப்பி பெஸ்ஸரேபியாவையும் வடக்கு புக்கோவினாவையும் எடுத்துக்கொண்டார். ஆகஸ்டில் ஜெர்மனியும் இத்தாலியும் வியன்னாவில் உட்கார்ந்து வடக்கு டிரான்சில்வேனியாவை ஹங்கேரிக்கு எழுதிக் கொடுத்தன. செப்டம்பரில் தெற்கு டொப்ருஜா பல்கேரியாவுக்குப் போனது. ஒரே கோடையில் இத்தனை நிலத்தை இழந்த நாட்டில் ஜெனரல் அன்டோனெஸ்கு ஆட்சியைப் பிடித்தார், பெர்லினுடன் கைகோத்தார். அதன்பின் விமானம் கிடைக்கும் கடை ஜெர்மனி ஒன்றுதான்.

ஜெர்மனி விற்றவற்றில் ஹைன்கெல் 112 வேடிக்கையானது. ஜெர்மன் விமானப் படை நடத்திய தேர்வில் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இடம் தோற்ற விமானம் அது. வீட்டில் விலைபோகாததை ஹைன்கெல் நிறுவனம் ஸ்பெயினுக்கும் ஜப்பானுக்கும் ரோமானியாவுக்கும் விற்றது. ரோமானியாவுக்கு வந்தவை முப்பது. தோல்வியடைந்த விமானம் என்பதால் மோசமான விமானம் என்று ஆகிவிடாது. 1941-இல் சோவியத் விமானங்களை எதிர்கொள்ள அது போதுமாக இருந்தது. அதன் பிறகு எவரும் அதைப் பெரிதாக மேம்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சார்பிலிருந்து வெளியேறும் முயற்சியாகப் பிறந்ததே ஐ.ஏ.ஆர். 80. ஐ.ஏ.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ரோமானிய வானூர்தித் தொழிற்சாலை 1925-இல் பிராஷோவில் தொடங்கப்பட்டது. முதலில் பிற நாட்டு விமானங்களை உரிமம் பெற்றுக் கட்டிக்கொண்டிருந்தது. யோன் குரோசு தலைமையிலான பொறியாளர் குழு உருவாக்கிய புதிய விமானம் 1939 ஏப்ரல் 12 அன்று முதன்முதலாகப் பறந்தது. உடலுக்குக் கீழே அமைந்த ஒற்றை இறக்கை, உள்ளே மடங்கும் சக்கரங்கள், பின்னோக்கிச் சறுக்கித் திறக்கும் குமிழ்க் கண்ணாடிக் கூரை. மணிக்கு ஏறக்குறைய 510 கிலோமீட்டர் வேகம். அந்த ஆண்டில் பிரிட்டனின் ஹரிக்கேனுக்குப் பக்கத்தில் கூச்சமின்றி நிறுத்தக்கூடிய விமானம் அது.

ஆனால் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாருங்கள். எஞ்சின், பிரெஞ்சு நோம்-ரோன் நிறுவனத்தின் பதினான்கு சிலிண்டர் வடிவமைப்பை உரிமம் பெற்று மாற்றியது. பின்னுடலும் வாலும், முன்பு உரிமத்தில் கட்டிய போலந்தின் பி.இசட்.எல். 24 விமானத்திலிருந்து எடுத்தாண்டவை. வாலின் அடியில் சக்கரம்கூட இல்லை. பழைய பாணியில், தரையில் உரசிக்கொண்டே போகும் ஓர் உலோகக் கட்டை. இயந்திரத் துப்பாக்கிகள் பெல்ஜியத்தில் செய்தவை. 1940 மே மாதம் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்ததும் துப்பாக்கி வரத்து நின்றுபோனது. கட்டிய விமானத்துக்குத் துப்பாக்கிக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை. தன்னிறைவுக்காகத் தொடங்கிய திட்டமே அடுத்தவர் போரில் மாட்டிக்கொண்டது.

வேகமான எஞ்சினைப் பொருத்தினால் இதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்று பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள். ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 801 எஞ்சின் மீது அவர்களுக்குக் கண் இருந்தது. ஜெர்மனிக்கோ தன் போக்-வுல்ப் விமானங்களுக்கே அது போதவில்லை. எனவே 1939-இல் பிறந்த விமானம், துப்பாக்கிகள் கூடியும் எடை ஏறியும், ஏறக்குறைய அதே இதயத்துடன் 1944 வரை ஓடியது. ஐ.ஏ.ஆர். 81 என்ற, செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் வகையையும் சேர்த்து நானூறுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. கடைசி வகையான 81சி-யில் இரண்டு 20 மி.மீ. ஜெர்மன் பீரங்கிகள் வந்தன. அந்த மாற்றம் பின்னால் ஓர் அமெரிக்கப் படைப்பிரிவுக்கு விலையுயர்ந்த பாடமாக அமைந்தது.

போர் தொடங்கிய மறுநாள், 1941 ஜூன் 23 அன்று, கருங்கடல் துறைமுகமான கான்ஸ்டன்சாவைச் சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் நெருங்கின. பழுதுபார்ப்பு முழுதாக முடியாத ஒரு ஹரிக்கேனில் ஹோரியா அகாரிச் மேலே ஏறினார். மூன்று விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. நாடு முழுவதும் அவர் பெயரையும் போல்ஷெவிக் வேட்டையையும் எதுகையில் இணைத்த பாடல் பரவியது. பிரிட்டன் ரோமானியாவைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள விற்ற விமானம், பிரிட்டனின் புதிய கூட்டாளியான சோவியத்தின் விமானங்களைச் சுட்டது. ஆறு மாதங்களுக்குள், அந்த டிசம்பரில், பிரிட்டன் ரோமானியா மீது போர் அறிவித்தது.

பறிபோன பெஸ்ஸரேபியாவை மீட்கும்வரை இந்தப் போருக்கு ரோமானியாவில் மக்கள் ஆதரவு இருந்தது. அன்டோனெஸ்கு அங்கே நிற்கவில்லை. படைகள் நீஸ்டர் ஆற்றைக் கடந்து ஒடெஸ்ஸாவை முற்றுகையிட்டன. விமானிகள் மேலே பறந்தார்கள். நகரம் வீழ்ந்த அக்டோபரில் ரோமானியப் படைகள் அங்கே பல்லாயிரக்கணக்கான யூதர்களைக் கொன்றன. போர் விமானிகளின் சாகசங்களை மட்டும் தனியே கத்தரித்து எடுத்துப் பேசும் வழக்கம் எனக்கு உவப்பானதன்று. அவர்கள் எந்த ஆட்சியின் வானத்தைக் காத்தார்கள் என்பது அவர்கள் கதையின் பகுதிதான்.

ஸ்டாலின்கிராட் வரை போன பிரிவுகளில் முக்கியமானது 7-ஆம் போர் விமானக் குழு. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் 'இ' வகையை ஓட்டியவர்கள். நகரத்துக்கு மேற்கே கார்போவ்கா என்ற இடத்தில் அவர்கள் தளம். 1942 நவம்பர் 19 அன்று சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கிச் சில நாள்களிலேயே வளையம் மூடிக்கொண்டது. தளத்தை நோக்கி டாங்கிகள் வந்தன. தரைப்படை பக்கத்தில் இல்லை. இருந்தவர்கள் விமானிகளும் மெக்கானிக்குகளும் சில விமான எதிர்ப்பு பீரங்கிகளும்.

அங்கேதான் அலெக்சாந்துரு ஷெர்பனெஸ்குவின் பெயர் வெளியே வருகிறது. விமானப் படைக்கு வருவதற்கு முன் அவர் மலைப்படையில் அதிகாரி. தரைச் சண்டை எப்படி நடக்கும் என்று அறிந்த ஒரே ஆள் கிட்டத்தட்ட அவர்தான். பீரங்கிகளின் குழாயைக் கீழே இறக்கி டாங்கிகளைச் சுட வைத்தார். மெக்கானிக்குகளைக் காலாட்படையாக நிறுத்தினார். இரவு தாக்குப்பிடித்தது. விடியலில் பறக்கக்கூடிய விமானங்கள் எல்லாம் கிளம்பின.

மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒரே ஆளுக்கான விமானம். விமானி உட்காரும் இடமே நெருக்கடியானது. தோள் இரு பக்கமும் உரசும். அவருக்குப் பின்னால் உடலுக்குள் வானொலிக் கருவி வைக்கும் பொந்து ஒன்று உண்டு. வானொலியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தப் பொந்தில் ஓர் ஆளைச் சுருட்டித் திணித்தார்கள். உள்ளே சன்னல் கிடையாது, இருக்கை கிடையாது, பாராசூட்டுக்கு இடம் கிடையாது. விமானம் அடிபட்டால் வெளியேற வழியும் கிடையாது. டாங்கிகளின் குண்டுகளுக்கு நடுவே, வால் பக்கம் கனத்துப்போன விமானங்களை மேலே தூக்கினார்கள். சில தரையிலேயே சிதறின. தப்பியவர்கள் பின்னர் 'ஜி' வகை மெஸ்ஸர்ஷ்மிட்களைப் பெற்று 1943-இல் உக்ரைன் வானில் மீண்டும் போரிட்டார்கள். அந்தப் பொந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டு ஆண்டுகள் கழித்து அது வேறொரு வேலைக்குப் பயன்படப் போகிறது.

ரோமானியாவின் உள்ளே போர் வந்ததற்குக் காரணம் எண்ணெய். ப்ளோயெஷ்ட்டி நகரைச் சுற்றியிருந்த சுத்திகரிப்பு ஆலைகள் ஜெர்மன் போர் இயந்திரத்துக்குக் கணிசமான எரிபொருளைக் கொடுத்தன. 1943 ஆகஸ்ட் 1 அன்று லிபியாவின் பெங்காசியிலிருந்து கிளம்பிய 170-க்கும் மேற்பட்ட அமெரிக்க பி-24 லிபரேட்டர்கள் மர உச்சி உயரத்தில் வந்து தாக்கின. ஐம்பதுக்கும் மேற்பட்டவை இழக்கப்பட்டன. பெரும்பாலும் பீரங்கிகளின் வேலை. ரோமானிய, ஜெர்மன் விமானிகளுக்கும் பங்குண்டு. ஆலைகள் விரைவில் மீண்டும் இயங்கின.

1944 ஏப்ரல் முதல் கதை மாறியது. அமெரிக்கர்கள் இப்போது இத்தாலியின் போஜா சமவெளியிலிருந்து, நீண்டதூரப் பாதுகாப்பு விமானங்களோடு வந்தார்கள். ஏப்ரல் 4 அன்று புக்கரெஸ்ட் குண்டுவீச்சில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் இறந்தார்கள். ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு, பிராஷோவ் விமானத் தொழிற்சாலை தாக்கப்பட்டது. ஐ.ஏ.ஆர். 80 தன் பிறப்பிடத்தையே காக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. மணிக்கு 700 கிலோமீட்டர் ஓடும் பி-51 மஸ்டாங்கின் முன்னால் 510 கிலோமீட்டர் விமானத்துக்கு என்ன வேலை?

ஒரு நாள் மட்டும் வேலை இருந்தது. ஜூன் 10. அன்று அமெரிக்கர்கள் புதிய தந்திரம் ஒன்றைச் சோதித்தார்கள்: கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பதில் இரட்டை எஞ்சின் பி-38 லைட்னிங் விமானங்களில் ஆளுக்கொரு குண்டைக் கட்டித் தாழ்வாக அனுப்பி, ப்ளோயெஷ்ட்டி ஆலை ஒன்றைத் துல்லியமாக அடிப்பது. துணைக்கு இன்னொரு லைட்னிங் குழு. அந்தத் துணைக் குழுவின் ஒரு பகுதி புக்கரெஸ்ட் அருகே போபெஷ்ட்-லியோர்தேனி தளத்துக்கு மேலே வந்தபோது, டான் விசான்டி தலைமையிலான 6-ஆம் குழுவின் ஐ.ஏ.ஆர். 81சி விமானங்கள் ஏற்கெனவே மேலே ஏறியிருந்தன.

உயரத்தில் லைட்னிங்குக்கு இருக்கும் வேகச் சாதகம் தரையை ஒட்டிய சண்டையில் பயன்படவில்லை. அங்கே யார் குறுகிய வட்டத்தில் திரும்புகிறாரோ அவர் வெல்வார், ஐ.ஏ.ஆர். நன்றாகத் திரும்பும், 20 மி.மீ. பீரங்கியும் வந்துவிட்டது. அன்று முழுவதுமாக அமெரிக்கர்கள் இருபதுக்கும் மேற்பட்ட லைட்னிங்குகளை இழந்தார்கள். அவை அனைத்தையும் ரோமானியரே வீழ்த்தினர் என்று எழுதுவோர் உண்டு. தரைப் பீரங்கிகளையும் ஜெர்மானியரையும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கமும் சுத்தமில்லை. அந்தச் சண்டையிலிருந்து தப்பித் திரும்பிய ஹெர்பர்ட் ஹாட்ச் என்ற அமெரிக்க விமானி, தாம் ஐந்து போக்-வுல்ப் 190 விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தார். அங்கே போக்-வுல்ப் இல்லவே இல்லை. உருண்டை மூக்கு எஞ்சினைப் பார்த்து ஐ.ஏ.ஆரை ஜெர்மன் விமானம் என்று நினைத்துவிட்டார். ரோமானியர் என்றொரு எதிரி தம்மை அடித்தார் என்பதே பல அமெரிக்கர்களுக்கு நெடுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

எண்ணிக்கை என்ற இடத்துக்கு வந்துவிட்டதால் ரோமானிய மதிப்பெண் முறையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1944-இல் விமானப் படை ஒரு விதி கொண்டுவந்தது. ஒற்றை எஞ்சின் விமானத்தை வீழ்த்தினால் ஒரு வெற்றி. இரட்டை எஞ்சின் என்றால் இரண்டு. நான்கு எஞ்சின் லிபரேட்டருக்கு மூன்று. பெரிய குண்டுவீச்சு விமானத்தை நெருங்குவது ஆபத்தானது, அதற்கு ஊக்கம் தேவை என்பது நியாயமான யோசனைதான். ஆனால் பிற்காலத்தில் பட்டியல் போட்டவர்கள் சிலர் விமானக் கணக்கையும் வெற்றிக் கணக்கையும் ஒன்றாக்கிவிட்டார்கள். முன்னணி விமானியான கான்ஸ்டன்டின் கான்டாகுசினோவுக்கு ஒரு பட்டியலில் நாற்பத்து சொச்சம், இன்னொன்றில் அறுபதுக்கு மேல் என்று வருவது இதனால்தான்.

அதே ஜூனில், 6-ஆம் தேதி, யோன் டோப்ரான் என்ற இளம் விமானி தன் மெஸ்ஸர்ஷ்மிட்டிலிருந்து ஒரு மஸ்டாங்கைச் சல்லடையாக்கினார். கூரைக் கண்ணாடி பறந்து, வால் கிழிந்த நிலையில் அதன் விமானி பேரி டேவிஸ் எப்படியோ சோவியத் பகுதியில் இருந்த தளத்தில் இறங்கிவிட்டார். 2010-இல் இருவரும் புக்கரெஸ்டில் சந்தித்தார்கள். டோப்ரான் 102 வயது வரை வாழ்ந்து 2021-இல் காலமானார்.

அப்படி முதுமை கண்டவர்கள் குறைவு. அந்தக் கோடையில் அனுபவமுள்ள விமானிகள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். 6-ஆம் குழுவும் ஐ.ஏ.ஆரை விட்டு மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கு மாறியது. எதிரியின் எண்ணிக்கைக்கு முன் விமான மாற்றம் எடுபடவில்லை. ஆகஸ்ட் 18 அன்று 9-ஆம் குழுவின் தளபதி ஷெர்பனெஸ்கு மஸ்டாங்குகளிடம் சிக்கி இறந்தார். அவருடைய வானொலி வேலை செய்யவில்லை, பின்னாலிருந்து கத்திய எச்சரிக்கை அவருக்குக் கேட்கவில்லை என்று சக விமானிகள் கூறினார்கள். கார்போவ்காவில் வானொலியைக் கழற்றியெறிந்து ஆட்களைக் காப்பாற்றிய குழுவைச் சேர்ந்தவர் அவர்.

ஐந்தே நாள்களில் நாடு பக்கம் மாறியது. ஆகஸ்ட் 23 அன்று மன்னர் மிகாய் அன்டோனெஸ்குவைக் கைதுசெய்தார். மறுநாள் ஜெர்மன் விமானங்கள் புக்கரெஸ்ட் மீது குண்டு வீசின. வாரத் தொடக்கத்தில் அவர்களோடு சேர்ந்து பறந்த ரோமானியர்கள் இப்போது அவர்களைச் சுடக் கிளம்பினார்கள்.

நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் போர்க் கைதிகள் இருந்தார்கள். காவல் கலைந்துவிட்டது, ஜெர்மானியர் குண்டு வீசுகிறார்கள், சோவியத் படை நெருங்குகிறது. கைதிகளின் மூத்த அதிகாரி லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் கன், இத்தாலியில் உள்ள தம் தலைமையகத்துக்குத் தகவல் சேர்க்க வேண்டும் என்று துடித்தார். ஒரு பழைய சவோயா-மார்கெட்டியில் கிளம்பினார். எஞ்சின் கோளாறால் அது திரும்பிவிட்டது. அப்போது முன்வந்தவர் கான்டாகுசினோ. பரம்பரை இளவரசர், ஐஸ் ஹாக்கி வீரர், வான்சாகசப் போட்டிகளில் தேசிய சாம்பியன், பயணிகள் விமான நிறுவனத்தில் தலைமை விமானி. இசையமைப்பாளர் ஜார்ஜ் எனெஸ்குவை மறுமணம் செய்துகொண்டவர் இவருடைய தாய்.

அவர் முன்வைத்த யோசனை, கார்போவ்காவின் பொந்து. மெஸ்ஸர்ஷ்மிட்டின் வானொலியை எடுத்துவிட்டு, கன்னை உள்ளே படுக்க வைத்து, பக்கவாட்டுக் கதவை வெளியிலிருந்து முடுக்கினார்கள். உடலின் இரு பக்கமும் பெரிய அமெரிக்கக் கொடி வரைந்தார்கள். புறப்பாடு மறுநாள் காலை என்று பேச்சைப் பரப்பிவிட்டு, ஆகஸ்ட் 27 மாலையே கிளம்பினார் கான்டாகுசினோ. யாராவது ஜெர்மானியருக்குத் தகவல் கொடுத்துவிடுவார்கள் என்ற எச்சரிக்கை. ஆக்சிஜனும் சூடும் இல்லாமல் கன் நடுங்கிக்கொண்டே கிடந்தார். போஜா அருகே அமெரிக்கத் தளத்தில் ஜெர்மன் விமானம் ஒன்று சக்கரங்களை இறக்கியபடி, இறக்கைகளை அசைத்துக்கொண்டு வந்து இறங்கியது. விமானி திருகுகளைக் கழற்றச் சொன்னார். உள்ளேயிருந்து ஓர் அமெரிக்க அதிகாரியின் கால்கள் வெளியே வந்தன.

ஆகஸ்ட் 31 முதல் பி-17 விமானங்கள் வந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட கைதிகளை அழைத்துச் சென்றன. இடையில் ஒரு கிளைக்கதை: ஆசைப்பட்டு அந்த மெஸ்ஸர்ஷ்மிட்டை ஓட்டிப் பார்த்த அமெரிக்க விமானி ஒருவர் அதைத் தரையில் கவிழ்த்துவிட்டார். திரும்பிப் போக விமானம் இல்லாத கான்டாகுசினோவுக்கு மஸ்டாங் ஒன்றைக் கொடுத்தார்கள். சில நாள்களுக்கு முன்புவரை தன்னைத் துரத்திய விமானத்தில், சொற்ப நேரப் பயிற்சியோடு, அவர் புக்கரெஸ்டுக்குப் பறந்தார்.

பிறகு எட்டு மாதங்கள், ரோமானிய வான்படை சோவியத் கட்டளையின் கீழ் டிரான்சில்வேனியா, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா என்று நகர்ந்தது. மன்னர் மிகாயின் மஞ்சள் சிலுவைச் சின்னத்தை அழித்து, சிவப்பு-மஞ்சள்-நீல வட்டத்தை வரைந்தார்கள். விமானம் அதே மெஸ்ஸர்ஷ்மிட். எதிரே வருவதும் மெஸ்ஸர்ஷ்மிட். புதிய உதிரிபாகம் தருவதற்கு ஜெர்மனி இப்போது எதிரி நாடு. ஒன்றை உடைத்து இன்னொன்றைப் பறக்க வைத்தார்கள். மிஞ்சிய ஐ.ஏ.ஆர்.கள் தரைத் தாக்குதலுக்குப் போயின. 1945 பிப்ரவரியில் ஸ்லோவாக்கியாவில் கான்டாகுசினோவே சுட்டு வீழ்த்தப்பட்டார், உயிர் தப்பினார்.

வெற்றியாளர்கள் பக்கத்தில் போரை முடித்தும் விமானிகளுக்கு அது உதவவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு 1941 முதல் 1944 வரையிலான கணக்குதான் முக்கியம். அகாரிச் சிறை சென்றார். போல்ஷெவிக் வேட்டைப் பாடல் இப்போது குற்றச்சாட்டானது. இன்னொரு போர் விமானியான துதோர் கிரெச்சியானு பல ஆண்டுகள் சிறையில் கழித்தார். விசான்டி 1970-களில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். கான்டாகுசினோ நாட்டை விட்டு வெளியேறி, ஸ்பெயினில் வான்சாகசக் காட்சிகள் நடத்திப் பிழைத்து, 1958-இல் மாட்ரிடில் இறந்தார்.

1989-க்குப் பின் நிலைமை தலைகீழானது. ஷெர்பனெஸ்குவின் பெயரில் புக்கரெஸ்டில் சாலை இருக்கிறது. மறைத்து வைத்திருந்த பெயர்களைத் திரும்ப எடுத்தது சரியே. எடுத்த வேகத்தில், ஒடெஸ்ஸாவையும் அன்டோனெஸ்குவையும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்ட எழுத்துகளும் குவிந்தன. பி-38 கணக்குகள் பெருகியதும் அந்தக் காலத்தில்தான்.

பிராஷோவ் தொழிற்சாலை 1946-இல் டிராக்டர் செய்யத் தொடங்கியது. முதல் மாதிரியின் பெயரும் ஐ.ஏ.ஆர். என்றே தொடங்கியது, ஐ.ஏ.ஆர். 22. மிஞ்சிய ஐ.ஏ.ஆர். 80-களில் சிலவற்றை இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்களாக மாற்றி 1950-களின் தொடக்கம் வரை ஓட்டிவிட்டு, எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டார்கள். புக்கரெஸ்ட் இராணுவ அருங்காட்சியகத்தில் இன்று நிற்பது மறுஉருவாக்கம்.